ஊர் கிளப்புக்கு ஸ்டேடியம் கட்ட நகராட்சி பணம் தரலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் ஆட்டங்களை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போதுள்ள மைதானத்தில் 4,000 பேர் உட்காரலாம். வழக்கமாக முக்கால்வாசிதான் நிரம்பும். கேலரியின் கூரை ஒழுகுகிறது, கழிப்பறைகள் மோசம். 15,000 இருக்கைகளோடு புது ஸ்டேடியம் கட்ட வேண்டும், செலவில் பாதியை நகராட்சி தர வேண்டும் என்று கிளப் நிர்வாகம் கேட்கிறது. புது ஸ்டேடியத்துக்கான நிலமும் நகராட்சியுடையதுதான். வேலைவாய்ப்பு பெருகும், போட்ட பணம் 10 ஆண்டில் திரும்பி வரும் என்று ஒரு ஆய்வறிக்கை கொடுத்திருக்கிறார்கள். தராவிட்டால் பக்கத்து நகரம் அழைக்கிறது, போய்விடுவோம் என்கிறார்கள். நூலகக் கட்டடத்தைச் சரிசெய்யப் பணமில்லை என்று போன ஆண்டு சொன்ன அதே நகராட்சி இதற்கு இசைந்து வருகிறது. அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். எதிர்த்துப் பேசினால் கிளப்புக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. ஆதரித்தால் ஏமாந்துவிட்டதுபோல இருக்கிறது. நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

துரோகம் என்ற சொல்லை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். கிளப்பை நேசிப்பது ஒன்று, கிளப் நிர்வாகம் நீட்டும் காகிதத்துக்குத் தலையாட்டுவது வேறு. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். கட்டடங்களுக்கான ஒப்பந்தங்களை நிறையப் படித்திருக்கிறேன். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, என்ன எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதுதான் 20 வருடம் கழித்து ஊரைக் காப்பாற்றுகிறது அல்லது கவிழ்க்கிறது. அதனால் ஆதரவா எதிர்ப்பா என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். ஒப்பந்த வரைவைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆய்வறிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். அதை எழுதியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டேடியத்தில் எவ்வளவு பணம் புழங்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஸ்டேடியம் இல்லாவிட்டால் அதே பணம் எங்கே போயிருக்கும் என்பதுதான் நகராட்சி கேட்க வேண்டிய கேள்வி. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு என்று ஒதுக்குகிற தொகை ஏறக்குறைய ஒன்றுதான். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அந்த வாரம் சினிமாவுக்குப் போகமாட்டார்கள். ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே ஒரு கல்லாவிலிருந்து இன்னொரு கல்லாவுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். வெளியூர் ரசிகர்கள் கொண்டுவருவது மட்டுமே புதுப் பணம், சிறிய கிளப்புக்கு அது சொற்பம். மறுபக்கம் டிக்கெட் வருமானத்தில் பெரும்பங்கு வீரர்களின் சம்பளமாகப் போகிறது. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் வேறு ஊர் போய்விடுவார்கள், பணமும் அவர்களோடு போய்விடும். கட்டுமான வேலை கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், கட்டி முடிக்கும் வரை. அதே தொகையில் நூலகமும் வடிகாலும் கட்டினாலும் அதே கொத்தனாருக்குத்தானே வேலை?

அப்புறம் நாட்கணக்கு. கால்பந்து கிளப் ஒன்று சொந்த மைதானத்தில் ஆண்டுக்கு 20 முதல் 25 ஆட்டங்கள் வரைதான் ஆடும். மீதி 340 நாளும் கதவு பூட்டிக் கிடந்தால், எதிரே கடை போடுகிறவர் எதை நம்பிப் போடுவார்?

பொருளாதார அறிஞர்களிடையே இவ்வளவு ஒத்த கருத்து இருக்கும் விஷயங்கள் குறைவு. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பாலிஸ்ட் இருவரும் 1997இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வுகள் அமெரிக்க ஸ்டேடியங்களை ஒன்றொன்றாகப் பார்த்தன. போட்ட பொதுப்பணத்துக்கு நியாயமான வருவாய் தந்தது என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. 2017இல் சிகாகோ பல்கலைக்கழகம் முன்னணிப் பொருளாதார நிபுணர்களிடம் இதையே கேட்டபோது, வரி செலுத்துவோருக்கு ஆகும் செலவு உள்ளூருக்குக் கிடைக்கும் நன்மையைவிட அதிகமாகவே இருக்கும் என்று எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். ஆகவே போட்ட பணம் 10 ஆண்டில் திரும்பி வரும் என்ற வரியை அடித்துவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

அதற்காகப் பணமே தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பூங்காவுக்குப் பணம் ஒதுக்கும்போது லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், முதியவர்கள் காற்று வாங்குகிறார்கள், அது போதும் என்று விடுகிறோம். உங்கள் அப்பாவோடு அந்தக் கேலரியில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அது எந்தப் பேரேட்டிலும் வராது. ஓர் ஊரில் வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே குரலில் கத்துகிற இடங்கள் அதிகமில்லை. அதைக் காப்பாற்றப் பணம் தருகிறோம், அது செலவு, முதலீடு இல்லை என்று நகராட்சி வெளிப்படையாகச் சொல்லட்டும். அப்படிச் சொல்லிவிட்டால் கேள்வி நேர்மையாகிவிடும். நூலகமும் நீச்சல் குளமும் ஸ்டேடியமும் ஒரே வரிசையில் நிற்கும், எதற்கு எவ்வளவு என்று ஊர் முடிவு செய்யலாம். முதலீடு என்று பெயர் வைப்பதால்தான் ஸ்டேடியம் வரிசையைத் தாண்டி முன்னால் போய்விடுகிறது.

சரி, இனி நான் அதிகம் பேச விரும்புவது அளவு, ஒப்பந்தம், கடன் ஆகிய மூன்றையும் பற்றித்தான்.

4,000 பேர் கொள்ளும் இடம் முக்கால்வாசிதான் நிரம்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு 15,000 இருக்கை யாருக்காக? நல்ல இடம் கட்டினால் கூட்டம் தானாக வரும் என்பார்கள். முதல் ஒன்றிரண்டு ஆண்டு புதுமைக்காக வருவார்கள், அதற்குப் பிறகு அணி ஆடுவதைப் பொறுத்துத்தான் கூட்டம். இங்கிலாந்தில் டார்லிங்டன் என்ற சிறிய நகரத்தின் கிளப் 2003இல் சுமார் 25,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்துக்குக் குடிபோனது. அதைக் கட்டியது நகராட்சி அல்ல, கிளப்பின் அப்போதைய உரிமையாளர். ஆனாலும் பாடம் ஒன்றுதான். சாதாரண ஆட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டாயிரம் மூன்றாயிரம் பேர். விளக்கு, புல்தரை, காவல், காப்பீடு எல்லாம் 25,000 இருக்கைக்கான செலவு. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். கிளப் திரும்பத் திரும்ப நொடித்து, 2012இல் அந்த ஸ்டேடியத்தை விட்டே வெளியேறியது.

அதே நாட்டில் மாற்று வழியும் இருக்கிறது. ரசிகர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 2020இல் தன் பழைய இடத்துக்குப் பக்கத்தில் ப்ளவ் லேன் ஸ்டேடியத்தைத் திறந்தது. இப்போது ஏறக்குறைய 9,000 பேருக்கு இடம், பின்னால் 20,000 வரை பெருக்கிக்கொள்ளும்படி திட்டம். கட்டி முடிக்கப் பணம் குறைந்தபோது ரசிகர்களுக்கே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். இந்தக் கடைசி விஷயத்தைக் கூட்டத்தில் மறக்காமல் எழுப்புங்கள். ஆதரவாளர்களிடம் பத்திரம் விற்று எவ்வளவு திரட்ட முடியும் என்று உங்கள் கிளப் முயன்று பார்த்ததா? எவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்பது ஆர்வத்தை அளக்கும் நல்ல அளவுகோல். அதோடு, 15,000 இருக்கையை ஒரே மூச்சில் கட்டுவதற்குப் பதில் முதலில் 6,000, தேவைப்பட்டால் நீட்டிக்கொள்ளும் அஸ்திவாரம் என்று ஒரு வரைபடத்தையும் கேளுங்கள். கூரையும் கழிப்பறையும்தான் குறை என்றால், பழைய மைதானத்தைப் புதுப்பிக்க என்ன ஆகும் என்ற கணக்கும் மேஜைக்கு வர வேண்டும். அந்தக் கணக்கை யாரும் போடவே இல்லை என்றால் அதுவே பெரிய செய்தி.

அடுத்தது ஒப்பந்தம். இங்கேதான் பல நகரங்கள் தடுக்கி விழுந்தன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் 1995இல் ஒரு கூரை வேய்ந்த அரங்கத்தைப் பொதுப்பணத்தில் கட்டி, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியை வரவழைத்தது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு வாசகம் இருந்தது. குறிப்பிட்ட ஆண்டுகளில் சோதித்துப் பார்க்கும்போது, அந்த அரங்கம் லீக்கின் எல்லா அரங்கங்களிலும் முதல் கால்பங்குக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி நீண்டகாலக் குத்தகையிலிருந்து விலகலாம். கையெழுத்திட்ட நாளில் அது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கும். மற்ற ஊர்களில் புதுப்புது அரங்கங்கள் முளைக்க முளைக்க, செயின்ட் லூயிஸின் அரங்கம் தானாகவே பின்வரிசைக்குப் போனது. 2013இல் நடுவர் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. 2016இல் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கே திரும்பிப் போய்விட்டது. அரங்கத்துக்கு வாங்கிய கடனை ஊர் அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டிருந்தது. பிறகு வழக்குப் போட்டு 2021இல் 79 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் நீதிமன்றத்தை நம்பி ஒப்பந்தம் எழுதக்கூடாது.

அமெரிக்காவின் சின்சினாட்டியை உள்ளடக்கிய ஹாமில்டன் மாவட்டத்தில் 1996இல் மக்கள் வாக்களித்து விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்தி இரண்டு ஸ்டேடியங்கள் கட்டினார்கள். அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியோடு போட்ட குத்தகையில், எதிர்காலத்தில் வரக்கூடிய நவீனக் கருவிகளை, முப்பரிமாணத்தில் ஆட்டத்தைத் திரும்பக் காட்டும் இயந்திரம் உட்பட, மாவட்டமே வாங்கித்தர வேண்டிய நிலை வரும்படி எழுதியிருந்தது. எழுதிய அன்று அப்படி ஒரு இயந்திரமே கிடையாது. சில ஆண்டுகளில் ஸ்டேடியக் கணக்கில் பற்றாக்குறை விழுந்தது. வீட்டு வரியில் தருவதாக வாக்குக் கொடுத்த சலுகையையும் மற்றச் சேவைகளையும் சுருக்க வேண்டி வந்தது.

லண்டன் ஒலிம்பிக் ஸ்டேடியத்தை வெஸ்ட் ஹாம் கிளப்புக்கு ஏற்ப மாற்ற 32 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. கிளப் தந்தது ஒன்றரைக் கோடி. 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு ஏறக்குறைய 25 லட்சம் பவுண்டு வாடகை. ஓட்டப்பந்தயத் தடத்துக்கும் கால்பந்துக்கும் மாற்றி மாற்றி இருக்கைகளை நகர்த்தும் செலவு மட்டுமே அதைவிட அதிகமாகப் போய்விட்டது, அதைச் சுமப்பது பொதுத்துறை. எனக்கு இதில் மிக வருத்தம் தருவது தொகை அல்ல. அந்த ஒப்பந்தம் வணிக ரகசியம் என்று மூடி வைக்கப்பட்டு, தகவல் உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு 2016இல்தான் முழுதாக வெளியே வந்தது. பொதுப்பணம் போகிற ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே மக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். உங்கள் நகராட்சியும் வணிக ரகசியம் என்ற சொல்லைப் பயன்படுத்தினால், அந்த இடத்திலேயே எழுந்து நில்லுங்கள்.

நல்ல குத்தகை எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டுமல்லவா? மான்செஸ்டர் நகரம் 2002 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய ஸ்டேடியத்தை மறு ஆண்டு மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டது. கட்டடம் நகராட்சியின் சொத்தாகவே இருந்தது. கிளப்பின் பழைய மைதானம் எவ்வளவு பேரைக் கொள்ளுமோ, அதற்கு மேல் விற்கும் டிக்கெட் வருமானத்தில் நகராட்சிக்குப் பங்கு என்று எழுதினார்கள். புது இடத்தால் கூடுதலாகக் கிடைத்ததில்தானே நகராட்சிக்குப் பங்கு கேட்க நியாயம் இருக்கிறது? கிளப் வளர்ந்தால் ஊருக்கும் வருமானம் வளரும். தடுமாறும் ஆண்டில் கிளப்பின் கழுத்தை நெரிக்காது.

கழுத்தை நெரித்தாலும் ஆபத்துதான் என்பதற்கு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் சாட்சி. 2005இல் திறந்த ஸ்டேடியம் அங்கே நகராட்சியும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் கையில் இருந்தது. கிளப் வாடகைக்கு இருந்தது. ஆண்டு வாடகை 12 லட்சம் பவுண்டுக்கு மேல். அணி மூன்றாம் நிலைப் போட்டிக்கு இறங்கிய 2012இல் வாடகையை நிறுத்தியது, வழக்கு வந்தது, 2013இல் சொந்த ஊரை விட்டு நார்தாம்ப்டனில் போய் ஆடியது. ஸ்டேடியம் ஊரில், அணி வேறு ஊரில். இரு தரப்பும் தாங்கக்கூடிய வாடகையாக இல்லாவிட்டால் கடைசியில் நஷ்டப்படுவது ரசிகர்கள். ஆகவே கிளப்பை எதிரியாக நினைத்து ஒப்பந்தம் எழுதச் சொல்லாதீர்கள். எந்த நிலைப் போட்டியில் ஆடுகிறதோ அதற்கேற்ப ஏறி இறங்கும் வாடகையைக் கேளுங்கள்.

பக்கத்து நகரம் கூப்பிடுகிறது என்ற பேச்சுக்கு வருகிறேன். சில சமயம் உண்மையாக இருக்கும், பெரும்பாலும் பேரம். சான் ஃபிரான்சிஸ்கோ பேஸ்பால் அணியும் போய்விடுவதாகச் சொன்னது. பொதுப்பணத்தில் ஸ்டேடியம் கட்டும் யோசனையை வாக்காளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோற்கடித்தார்கள். கடைசியில் அணி பெரும்பாலும் தனியார் பணத்திலேயே கட்டி 2000இல் திறந்தது, இன்றும் அதே ஊரில்தான் ஆடுகிறது. பல தலைமுறையாக ஒரே ஊரின் பெயரைத் தாங்கிய உங்கள் கிளப் நகர்ந்தால் ரசிகர்களை இழக்கும். அது நிர்வாகத்துக்கும் தெரியும். ஆனாலும் எழுத்தில் காப்பு வேண்டும். கிளீவ்லாண்டின் அமெரிக்கக் கால்பந்து அணி 1995 பருவம் முடிந்ததும் பால்டிமோருக்குக் கிளம்பியதும், ஒஹாயோ மாநிலம் 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுப்பணத்தால் பலனடைந்த அணி இடம் மாற விரும்பினால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், அணியை வாங்கும் வாய்ப்பை உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2018இல் அதே மாநிலத்தின் கொலம்பஸ் நகரக் கால்பந்து அணியை டெக்சாஸுக்குக் கொண்டுபோகும் முயற்சி நடந்தபோது இந்தச் சட்டத்தை வைத்துத்தான் வழக்குப் போட்டார்கள். அந்த அணி இன்றும் கொலம்பஸில் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் இதே நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதலாம். குத்தகைக் காலம் முழுக்க இங்கேதான் ஆட வேண்டும், மீறினால் மீதிக் கடன் முழுவதையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும் என்று.

கிளப்பை யாராவது விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். நகராட்சிப் பணத்தில் நிமிர்ந்த ஸ்டேடியம் கிளப்பின் மதிப்பை உயர்த்தும். இன்றைய உரிமையாளர் நாளை அந்த உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனால், ஊரின் பணம் அவர் பையில் இருக்கும். விற்பனை லாபத்தில் இத்தனை சதவீதம் நகராட்சிக்கு என்ற ஒரு வரி போதும். பழைய மைதானத்தின் நிலம் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. அது கிளப்புடையது என்றால், அதை விற்று வரும் பணம் எங்கே போகிறது என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

கடைசியாகக் கடன். நகராட்சி மானியமாகத் தராமல் கடனாகத் தரும், கிளப் திருப்பிக் கட்டிவிடும், ஆகவே ஊருக்கு நஷ்டமில்லை என்று யாராவது சொல்லக்கூடும். நான் முன்பு சொன்ன அதே நார்தாம்ப்டனில் என்ன நடந்தது தெரியுமா? 2013இல் நகராட்சி, ஊர் கிளப்பின் கிழக்குக் கேலரியைக் கட்டவும் பக்கத்தில் ஹோட்டல் எழுப்பவும் ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்தது. பணம் கிளப்பின் வழியாக வேறொரு கட்டுமான நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனம் மூழ்கியது. கேலரி அரைகுறையாகப் பல ஆண்டுகள் நின்றது. பெரும் பணம் என்ன ஆனது என்று போலீஸ் விசாரணை நடந்தது. கடன் கொடுக்கும் முன் செய்த விசாரிப்பு போதாது என்று தணிக்கையாளர்கள் 2021இல் எழுதிய அறிக்கை சொன்னது. அதைப் படிக்கும்போது எனக்கு மனம் கசந்தது. நாங்கள் சாதாரண தணிக்கையில் கேட்கும் கேள்விகள்தான் அங்கே கேட்கப்படாமல் விட்டுப்போனவை.

கட்டுமானக் கடன் கொடுக்கும் முறை ஒன்றும் புதிதல்ல. அஸ்திவாரம் முடிந்தது என்று கிளப்போடு சம்பந்தமில்லாத பொறியாளர் சான்று கொடுத்தால் ஒரு தவணை, தூண் எழும்பினால் அடுத்தது. பணம் கிளப்பின் கணக்குக்குப் போகாமல் கான்ட்ராக்டருக்கு நேராகப் போக வேண்டும். கிளப் தன் பங்கை முதலில் போட வேண்டும், நகராட்சி பிறகு. செலவு கூடினால் கூடிய தொகை முழுதும் கிளப்பின் பொறுப்பு. இந்த ஒரு நிபந்தனையைச் சொன்னதுமே 15,000 இருக்கை 8,000 ஆகச் சுருங்குவதைப் பார்ப்பீர்கள்.

நகராட்சியே கடன் வாங்கிக் கட்டினால், அந்தக் கடன் அணியைவிட நீண்ட ஆயுளோடு இருக்கலாம். மான்ட்ரியால் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்டேடியத்தின் கடன் தீர 30 ஆண்டு ஆனது, புகையிலை வரியெல்லாம் போட்டு 2006இல்தான் அடைத்தார்கள். அங்கே ஆடிய பேஸ்பால் அணி 2004 பருவத்தோடு ஊரை விட்டே போய்விட்டது. சியாட்டிலில் கிங்டோம் அரங்கத்தை 2000இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இல்லாத கட்டடத்துக்கு 2015 வரை கடன் கட்டினார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பது இதற்குத்தான் சரியாகப் பொருந்தும்.

முடிவுத் தேதியோடு கடன் வாங்கிய ஊரும் உண்டு. அமெரிக்காவில் கிரீன் பே என்ற சிறிய நகரத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தனி முதலாளி கிடையாது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்குதாரர்கள், யாருக்கும் லாபப் பங்கு கிடையாது. ஸ்டேடியம் நகரத்தின் சொத்து. அதைப் புதுப்பிக்க 2000இல் வாக்கெடுப்பு வைத்து அரை சதவீத விற்பனை வரி போட்டார்கள். பணம் சேர்ந்ததும் 2015இல் அந்த வரியை நிறுத்தினார்கள். உங்கள் ஊரிலும் இதற்கென்று வரி கூட்டப் போகிறார்கள் என்றால், எந்த ஆண்டு நிற்கும் என்பதும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

பாதிச் செலவு என்று சொல்கிறார்களே, அந்தப் பாதிக்குள் எது இருக்கிறது என்றும் பாருங்கள். நகராட்சி நிலத்தின் சந்தை மதிப்பு, சாலை அகலப்படுத்துவது, மின் இணைப்பு, சொத்து வரி விலக்கு, ஆட்ட நாளில் கூடுதல் காவல், கடன் வட்டி இவையெல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படாது. சேர்த்தால் பாதி என்பது முக்கால் ஆகிவிடும். அப்புறம் பராமரிப்பு. கட்டும் செலவு ஒருமுறை, பராமரிப்பு ஆண்டுதோறும். புல்தரை, கூரை, மின்விளக்கு எல்லாவற்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதற்கென ஆண்டுதோறும் கிளப் தனிக் கணக்கில் பணம் போட்டு வர வேண்டும், அந்தக் கணக்கை நகராட்சி பார்க்க முடிய வேண்டும்.

நகராட்சிப் பணம் போகிற இடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் கிடைப்பதும் நிபந்தனையாக இருக்க வேண்டும். பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. வாரத்தில் இத்தனை மணி நேரம், பள்ளிகளுக்கு இத்தனை, பெண்கள் அணிக்கு இத்தனை, கட்டணம் இவ்வளவுக்கு மேல் போகாது என்று எண்ணிக்கையில் எழுத வேண்டும். பயிற்சிக்குப் பக்கத்தில் செயற்கைப் புல்தரை ஒன்று போட்டால் நாள் முழுக்க விளையாடலாம், ஆட்டத்துக்கான புல்தரையும் கெடாது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இருக்கைகளைவிட இந்த மணிக்கணக்கு முக்கியம். ஆண்டில் 25 நாள் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டுமல்லாமல், மீதி நாட்களில் ஓட வருகிறவர்களுக்கும் அது ஊர் ஸ்டேடியமாக இருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நிலம் நகராட்சியின் பெயரிலேயே இருந்து, கட்டடமும் அதற்கே சேர்ந்து, அளவு கூட்டத்துக்கு ஏற்பக் குறைந்து, செலவு மிஞ்சினால் கிளப் ஏற்று, போகமாட்டோம் என்று எழுதித் தந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆதரிப்பேன், மகிழ்ச்சியாகவே ஆதரிப்பேன். இவற்றில் நிலம், மிகைச் செலவு, இடமாற்றம் ஆகிய மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் ஒப்பந்தத்தைத் திருத்தி வரும் வரை எதிர்ப்பேன். அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் அவரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். கிளப்பின் பழைய ஆதரவாளர்கள் கேட்கும் கேள்வியை நிர்வாகம் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கூட்டத்தில் பேச சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஒப்பந்த வரைவை முன்கூட்டியே வெளியிடுங்கள் என்பதை மட்டும் அங்கே பேசுங்கள். மற்றக் கேள்விகளை வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேசியது கூட்டக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். எழுதிக் கொடுத்தது கோப்பிலேயே இருக்கும், தணிக்கைக்கு வருகிறவர் அதை எடுத்துப் படிப்பார்.